கிரிப்டோவில் போன பணம்: எங்கே தேடுவது, யாரிடம் கேட்பது?

"பணம் போய் இரண்டு வருடமாகிறது. இப்போது லண்டனில் இருந்து ஒரு கம்பனிக்காரர் பேசுகிறார். எனது பணத்தைக் கண்டுபிடித்து நிறுத்தி வைத்திருக்கிறார்களாம். 850 டொலர் கட்டினால் விடுவித்துத் தருவார்களாம். கட்டலாமா?"

இப்பத்தியைத் தொடர்ந்து வாசிக்கும் வர்த்தகர் ஒருவரின் கேள்வி இது. கட்ட வேண்டாம். இதற்கு ஒரு வரிப் பதில் போதும். ஆனால் அவரைப் போல இன்னும் பலர், வீட்டாருக்கும் சொல்லாமல், பங்காளிக்கும் சொல்லாமல் இந்தக் கேள்வியை மனதில் வைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஆகவே போன பணத்தை மீட்க உண்மையிலேயே என்ன வழி இருக்கிறது, எந்த இடத்தில் சட்டம் நம் பக்கம் நிற்கிறது, எந்த இடத்தில் நம்மையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றி விடும் என்பதைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

முதலில் ஒன்றைப் பிரித்தறிய வேண்டும. "கிரிப்டோவில் பணம் போய்விட்டது" என்று சொல்பவர்களில் பலரது பணம் கிரிப்டோவுக்குள் போனதே இல்லை. வன்கொயின் என்ற திட்டம் 2014 இல் பல்கேரியாவை மையமாகக் கொண்டு தொடங்கியது. உலகெங்கும் சுமார் 400 கோடி டொலர் திரட்டியது. பிட்கொயினுக்கு இருப்பது போன்ற பொதுப் பேரேடு எதுவும் அதற்கு இருக்கவில்லை. ‘நாணயத்தின்’ விலையைக் கம்பனியே உட்கார்ந்து எழுதியது. அதன் தலைவி ரூஜா இக்னடோவா 2017 ஒக்டோபரில் சோபியாவில் இருந்து ஏதென்ஸுக்கு விமானம் ஏறினார். அதன் பின் அவரைக் கண்டவர் இல்லை. 2022 இல் அமெரிக்க எப்.பீ.ஐ. தனது மிகவும் தேடப்படும் பத்துப் பேர் பட்டியலில் அவரைச் சேர்த்தது. அவரது கூட்டாளி ஒருவருக்கு 2023 இல் நியூயோர்க் நீதிமன்றம் 20 வருடச் சிறை விதித்தது. அங்கே கொயினும் இல்லை, கொயின் சந்தையும் இல்லை. பழைய சங்கிலி வியாபாரத்துக்குப் புதுப் பெயர்ப்பலகை, அவ்வளவுதான்.

நமது நாட்டில் இதே வேலையைச் செய்தது எம்.ரீ.எப்.ஈ. என்ற செயலி. பங்களாதேஷ், நைஜீரியா, இலங்கை என்று பல நாடுகளில் பரவியது. தொலைபேசித் திரையில் கணினி அறிவு தானாக வியாபாரம் செய்வதாகக் காட்டும். பெரும்பாலான நாட்களில் இலாபம், நம்பிக்கை வருவதற்காக இடைக்கிடை ஒரு சிறு நட்டம். ஆட்களைச் சேர்த்தவர்களுக்குக் கூடுதல் வருமானமும் பதவிப் பெயரும் உண்டு. 2023 ஓகஸ்டில் முதலில் ‘கணினித் திருத்தம்’ என்று சொல்லிப் பணம் எடுப்பதை நிறுத்தினார்கள். சில நாட்களில் கணக்கு மீதிகள் சைபருக்குக் கீழே போயின. ஏமாந்தவர்களே இன்னும் கட்ட வேண்டும் என்று செயலி கேட்டது. கொள்ளை அடித்த வீட்டுக்காரனிடமே வண்டிக் கூலி கேட்டது போல.

இனி சட்டத்துக்கு வருவோம். இலங்கை மத்திய வங்கி 2018 தொடக்கம் பல தடவைகள் மெய்நிகர் நாணயங்கள் பற்றிப் பொதுமக்களுக்கு அறிவித்தல் விடுத்தது. அவை இந்நாட்டின் சட்டபூர்வமான நாணயம் அல்ல, தான் அவற்றை ஒழுங்குபடுத்தவும் இல்லை, எவருக்கும் அனுமதிப்பத்திரம் கொடுக்கவும் இல்லை என்பதே அவற்றின் சாரம். இதனைப் பலர் "அப்படியானால் வாங்குவதே குற்றம்" என்று விளங்கிக் கொள்கிறார்கள். வேறு சிலர் "தடை இல்லையே, ஆகவே பயமில்லை" என்கிறார்கள். இரண்டும் சரியல்ல. ஒழுங்குபடுத்தப்படவில்லை என்பதன் பொருள், நட்டம் வந்தால் முறையிடுவதற்கு ஒரு மேற்பார்வை அதிகாரி இல்லை என்பதுதான். வங்கியில் போட்ட பணத்துக்கு வைப்புக் காப்புறுதி இருக்கிறது. இதற்கு அப்படி எதுவும் கிடையாது.

ஆனால் இரண்டு இடங்களில் சட்டம் தெளிவாகக் கை வைக்கிறது. வியாபாரிகள் இந்த இரண்டையும் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும்.

ஒன்று, ஆட்சேர்ப்பு. 1988 ஆம் ஆண்டின் 30 ஆம் இலக்க வங்கித்தொழில் சட்டத்தின் 83இ பிரிவு பிரமிட் திட்டங்களைத் தடை செய்கிறது. ஒருவர் பணம் போட்டு, அவருக்குக் கிடைக்கும் பயன் புதிதாகச் சேரும் ஆட்களிலோ அவர்கள் போடும் பணத்திலோ பெரும்பாலும் தங்கியிருந்தால் அது பிரமிட். இதில் நம்மவர்கள் கவனிக்காத சொற்கள் இருக்கின்றன. திட்டத்தைத் தொடங்கியவர் மட்டுமல்ல, நேரடியாகவோ மறைமுகமாகவோ அதனை ஊக்குவித்தவர், விளம்பரம் செய்தவர், நிதி கொடுத்தவர், நடத்தியவர் ஆகியோரும் இதற்குள் வருகிறார்கள். குற்றம் நிரூபணமானால் சிறைத்தண்டனை உண்டு. மத்திய வங்கி விசாரித்து, இவை தடை செய்யப்பட்ட திட்டங்கள் என்று பெயர் குறிப்பிட்டு அறிவித்த பட்டியலில் எம்.ரீ.எப்.ஈ., ஒன்மெக்ஸ் டீ.ரீ., ஸ்போர்ட் செயின் ஆகியவையும் இடம்பெற்றன.

இப்போது நினைத்துப் பாருங்கள். ஒருவர் இரண்டு இலட்சம் போட்டார். நான்கு மாதம் இலாபம் வந்தது. மச்சானைச் சேர்த்தார், பக்கத்துக் கடைப் பொடியனைச் சேர்த்தார், வட்ஸ்அப் குழுவில் ஒரு குரல் பதிவும் போட்டார். அந்தச் சேர்ப்புக்குத் தரகும் வந்தது. திட்டம் விழுந்ததும் அவர் தன்னை ஏமாந்தவர் என்றே கருதுகிறார். அது உண்மையும்தான். ஆனால் மச்சான் பொலிஸில் முறைப்பாடு செய்தால் அந்தத் தாளில் முதலில் எழுதப்படும் பெயர் இவருடையது. ஓடிப்போனவன் எந்த நாட்டில் இருக்கிறான் என்று யாருக்கும் தெரியாது, இவரது கடை விலாசம் எல்லோருக்கும் தெரியும். இப்படி நிலைமையில் இருப்பவர்கள் முறைப்பாடு செய்யப் போகுமுன் ஒரு சட்டத்தரணியுடன் பேச வேண்டும். தரகாக வந்த பணம் எவ்வளவு, அது எந்தக் கணக்கில் விழுந்தது, அதைத் திருப்பிக் கொடுக்க முடியுமா என்பதை ஒழுங்காக எழுதிக்கொண்டு போக வேண்டும். குழுவில் இருந்த செய்திகளை அழிப்பது மிகப் பெரிய முட்டாள்தனம். அழித்த செய்தி இன்னும் இருநூறு பேருடைய தொலைபேசியில் இருக்கிறது. அழித்தவர் என்ற கெட்ட பெயர் மட்டும்தான் மிஞ்சும்.

இரண்டாவது, டொலர். 2017 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்க வெளிநாட்டுச் செலாவணிச் சட்டத்தின் கீழ் 2021 இல் விடுக்கப்பட்ட பணிப்புரைகளின்படி கடனட்டை, பற்று அட்டை போன்றவற்றை மெய்நிகர் நாணயக் கொடுக்கல் வாங்கலுக்குப் பயன்படுத்த அனுமதியில்லை என்று மத்திய வங்கி தனது அறிவித்தல்களில் எடுத்துச் சொன்னது. இதன் காரணமாகப் பலர் வேறு வழிக்குப் போனார்கள். ஒரு பரிமாற்றத் தளத்தில் யு.எஸ்.டீ.ரீ. விற்கும் ஒருவரைக் கண்டுபிடித்து, அவரது இலங்கை வங்கிக் கணக்குக்கு ரூபாய் போட்டு, அவர் கொயினை விடுவிப்பது. யு.எஸ்.டீ.ரீ. என்பது ஒரு டொலருக்கு ஒன்று என்ற மதிப்பில் டெதர் கம்பனி வெளியிடும் கொயின்.

இந்த வழியில் ஒரு குழி இருக்கிறது. நீங்கள் கொயினை விற்கிறீர்கள், உங்கள் கணக்கில் ஐந்து இலட்சம் விழுகிறது. போட்டவரை உங்களுக்குத் தெரியாது. அந்த ஐந்து இலட்சம், மாத்தறையில் ஓர் ஓய்வூதியக்காரரை ஏமாற்றி வாங்கிய பணமாக இருந்தால்? அவர் முறைப்பாடு செய்கிறார். பொலிஸ் பணம் போன பாதையைத் தேடி வருகிறது. உங்கள் கணக்கு முடங்குகிறது. அது கடையின் நடைமுறைக் கணக்கு என்றால் உங்கள் காசோலைகள் திரும்பும், சாமான் கொடுத்தவர்கள் கடைக்கு வருவார்கள். நீங்கள் நேர்மையாக விற்றவர் என்று நிரூபிப்பதற்குள் வியாபாரத்தின் பெயர் போய்விடும். விளம்பரத்தில் உள்ள பெயரும் பணம் போட்டவரின் பெயரும் ஒன்றா என்று பார்க்காமல் வாங்கிய ஒவ்வொரு ரூபாயும் இந்த ஆபத்துடன்தான் வருகிறது.

இன்னும் சிலர் சீனாவில் இருந்து எடுக்கும் சாமான்களுக்கு யு.எஸ்.டீ.ரீ.யில் பணம் அனுப்புவதாகக் காதில் விழுகிறது. வங்கிக் கட்டணம் மிச்சம், உடனே போய்ச் சேருகிறது என்கிறார்கள். சாமான் தரம் குறைந்து வந்தால், அல்லது வராமலே போனால், எந்தப் பத்திரத்தை வைத்து வழக்காடுவது? சுங்கத்தில் காட்டிய விலைக்கும் வங்கி வழியாகப் போன பணத்துக்கும் உள்ள இடைவெளியை நாளை ஓர் அதிகாரி கேட்டால் என்ன பதில்? இறக்குமதிக்கான கொடுப்பனவு வங்கிக்கூடாகப் போவது வெறும் சடங்கு அல்ல. அந்தத் தாள்கள்தான் வியாபாரியின் கவசம்.

மோசடித் திட்டங்களை விட்டுவிட்டு, உண்மையான பரிமாற்றத் தளங்கள் விழுந்த கதைக்கு வருவோம். இதில் ஒரு பழைய கேள்வி புது வடிவில் வருகிறது. நமது ஆட்களுக்கு இது நன்றாக விளங்கும். ஒருவரிடம் பொருளைக் கொடுத்து வைத்தால் அது அமானிதமா, கடனா? அமானிதம் என்றால் பொருள் என்னுடையது. அவர் நொடித்துப் போனாலும் அவருடைய கடன்காரர்கள் அதில் கை வைக்க முடியாது. கடன் என்றால் பொருள் அவருடையதாகி விட்டது. நான் வரிசையில் நிற்கும் கடன்காரர்களில் ஒருவன்.

நியூசிலாந்தில் கிரிப்டோபியா என்ற தளம் 2019 இல் களவுபோய் மூடப்பட்டது. அங்குள்ள உயர் நீதிமன்றம் 2020 இல் கொடுத்த தீர்ப்பில், கொயின்கள் ஒரு வகைச் சொத்து, தளம் அவற்றைக் கணக்காளர்களுக்காக நம்பிக்கைப் பொறுப்பில் வைத்திருந்தது என்றது. அதாவது அமானிதம். அமெரிக்காவில் செல்சியஸ் என்ற நிறுவனம் 2022 இல் விழுந்தது. வட்டி தருவதாகச் சொல்லிக் கொயின்களை வாங்கிய அதன் ஆறு இலட்சம் கணக்குகள் பற்றி 2023 ஜனவரியில் நியூயோர்க் வங்குரோத்து நீதிமன்றம் தீர்ப்புக் கொடுத்தது. சேரும்போது ‘சம்மதம்’ என்று அழுத்திய நிபந்தனைகளின்படி கொயின்களின் உரிமை கம்பனிக்குப் போய்விட்டது என்பதே தீர்ப்பு. 420 கோடி டொலர் பெறுமதி அதில் அடங்கியது. யாரும் வாசிக்காத அந்த நீண்ட பத்திரத்தில்தான் விடயம் இருந்தது.

எப்.ரீ.எக்ஸ். 2022 நவம்பரில் விழுந்தது. அதன் உரிமையாளர் சாம் பேங்க்மன் பிரைட்டுக்கு 2024 மார்ச்சில் 25 வருடச் சிறை. வாடிக்கையாளர்களுக்குப் பணம் 2025 பெப்ரவரியில் இருந்து கொடுக்கத் தொடங்கினார்கள். ‘முழுப் பணமும் வட்டியோடு கிடைத்தது’ என்று செய்தி வந்தது. கணக்கை உற்றுப் பார்த்தால் வேறு கதை. கம்பனி நீதிமன்றம் போன நாளில் இருந்த விலைப்படிதான் கணக்குப் போட்டார்கள். அன்று ஒரு பிட்கொயின் சுமார் 16,900 டொலர். பணம் கையில் வரத் தொடங்கியபோது விலை அதைப் போல ஐந்து மடங்குக்கும் மேல். ஒரு பிட்கொயின் வைத்திருந்தவருக்கு ஒரு பிட்கொயின் திரும்பவில்லை. ஜப்பானின் மவுன்ட் கொக்ஸ் 2014 பெப்ரவரியில் விழுந்தது. அதன் கடன்காரர்களுக்குக் கொயினாகவே ஒரு பங்கு கொடுக்கும் வேலை 2024 ஜூலையில்தான் தொடங்கியது. பத்து வருடம். அதற்குள் காத்திருந்து களைத்துப்போய் தமது உரிமையை அடிமாட்டு விலைக்கு விற்றவர்களும் உண்டு.

களவு போன கொயினைப் பிடிக்கவே முடியாது என்பது தவறான எண்ணம். பிட்கொயின் பேரேடு உலகத்துக்கே திறந்து கிடக்கிறது. எந்த விலாசத்தில் இருந்து எந்த விலாசத்துக்கு எவ்வளவு போனது என்று யாரும் பார்க்கலாம். விலாசத்தின் பின்னால் உள்ள ஆள் யார் என்பதுதான் தெரியாது. 2021 மேயில் அமெரிக்காவின் கொலோனியல் எரிபொருள் குழாய்க் கம்பனி கப்பமாக 75 பிட்கொயின் கட்டியது. ஒரு மாதத்துக்குள் அதில் 63.7 பிட்கொயினை அந்நாட்டு நீதித் திணைக்களம் மீட்டது. பிட்பினெக்ஸ் தளத்தில் 2016 இல் களவுபோன 119,754 பிட்கொயினில் 94,000 க்கும் அதிகமானது 2022 பெப்ரவரியில் மீட்கப்பட்டது. திருடியவர் திறவுகோல்களை இணையச் சேமிப்பு ஒன்றில் ஒரு கோப்பில் பூட்டி வைத்திருந்தார். அந்தக் கோப்பை அதிகாரிகள் திறந்து விட்டார்கள். டெதர் கம்பனியும் 2023 நவம்பரில், ஆசையூட்டி ஏமாற்றும் ஒரு கும்பலோடு தொடர்புடைய சுமார் 22 கோடி 50 இலட்சம் யு.எஸ்.டீ.ரீ.யை அமெரிக்க அதிகாரிகளின் விசாரணையோடு இணைந்து முடக்கியது.

ஆனால் இவற்றில் ஒன்றையாவது ஒரு தனியார் ‘மீட்பு நிபுணர்’ செய்தாரா? இல்லை. அரசாங்க விசாரணை, நீதிமன்றக் கட்டளை, கொயினை வைத்திருக்கும் தளம் அல்லது வெளியிட்ட கம்பனி, இவை சேர்ந்துதான் நடந்தது. சங்கிலியில் ஒரு கொடுப்பனவு உறுதியான பின் அதை ‘ஹக்’ பண்ணித் திருப்பி எடுக்க எவராலும் முடியாது. அப்படி முடியும் என்று சொல்பவர் பொய் சொல்கிறார்.

அப்படியானால் இலங்கையில் உள்ள ஒரு சிறு வர்த்தகர் என்ன செய்யலாம்? என் அபிப்பிராயம் இது. கொயினைத் தேடுவதை விட்டு முதலில் ரூபாயைத் தேட வேண்டும். நம்மவர்களில் அநேகர் பணத்தை ரூபாயாகத்தான் கொடுத்தார்கள். அது ஒரு வங்கிக் கணக்குக்குத்தான் போனது. அந்தக் கணக்குக்குப் பெயர் இருக்கிறது, அடையாள அட்டை இருக்கிறது, கிளை இருக்கிறது. 2008 டிசம்பரில் கோல்டன் கீ விழுந்தபோது கையில் பிடிக்கக் கொழும்பில் ஒரு கம்பனி இருந்தது, பணிப்பாளர்கள் இருந்தார்கள். அப்படியிருந்தும் வைப்பாளர்கள் வருடக் கணக்கில் நீதிமன்ற வாசலில் நின்றார்கள். செயலித் திட்டங்களில் அதுவும் இல்லை. உள்ளூர்க் கணக்குத்தான் நமக்குக் கிடைத்த ஒரே நூல் முனை. இதிலும் ஒரு வேறுபாடு உண்டு. பணம் வாங்கியவர் சொன்னபடி யு.எஸ்.டீ.ரீ.யைத் தந்துவிட்ட வெறும் விற்பனையாளர் என்றால் அவர் மோசடிக்காரர் அல்ல. திட்டத்துக்காகப் பணம் சேர்த்தவர் என்றால் கதை வேறு.

ஏமாந்தது தெரிந்த அன்றே, மணித்தியாலக் கணக்கில், சொந்த வங்கிக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும். பணம் இன்னும் எதிர்க் கணக்கில் கிடந்தால் ஏதாவது செய்ய இடமுண்டு. நாளைக்குப் பார்ப்போம் என்று விட்டால் அது எடுக்கப்பட்டுவிடும். பிறகு பொலிஸ். குற்றப் புலனாய்வுத் திணைக்களத்தில் கணினிக் குற்றங்களுக்கென்றே ஒரு பிரிவு உள்ளது. 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டமும் தண்டனைச் சட்டக்கோவையின் மோசடிப் பிரிவுகளும் இங்கே பொருந்தலாம். வெறும் வாய்ப்பேச்சாகப் போகாமல் கோவை ஒன்றோடு போக வேண்டும். வங்கிச் சீட்டுகள், கணக்கு இலக்கங்கள், உரையாடல்களின் படங்கள் திகதியோடு, தொலைபேசி இலக்கங்கள், கொயின் போன பணப்பை விலாசம், ஒவ்வொரு கொடுப்பனவுக்கும் உரிய நீண்ட பரிமாற்ற இலக்கம். இந்த இலக்கத்தைப் பலர் கவனிப்பதில்லை. அது இல்லாமல் எந்த அதிகாரியும் பேரேட்டில் எதையும் தேட முடியாது. கொயின் ஒரு பெரிய தளத்துக்குப் போய்ச் சேர்ந்திருப்பது தெரிந்தால், முறைப்பாட்டு இலக்கத்துடன் அந்தத் தளத்துக்கும் எழுதுங்கள். தளங்கள் தனியாள் கடிதத்துக்கு ஆள் விபரம் கொடுப்பதில்லை. பொலிஸ் அல்லது நீதிமன்றம் கேட்டால் கொடுக்கும்.

சிவில் வழக்குக்குக் காலவரையறை உண்டு. நமது சட்டத்தில் எழுத்து மூல ஒப்பந்தத்துக்குப் பொதுவாக ஆறு வருடம், எழுத்தில்லாத வாக்குறுதிக்கு மூன்று வருடம், தீங்குக்கான நட்டஈட்டுக்கு இரண்டு வருடம். "ஆள் நல்லவர், தருவதாகச் சொல்கிறார்" என்று பொறுத்துப் பொறுத்து இந்தக் காலத்தைக் கடத்தியவர்கள் எத்தனையோ பேர். பொறுப்பதென்றாலும் சட்டத்தரணி மூலம் எழுத்தில் வாங்கிக்கொண்டு பொறுங்கள்.

இனி அந்த லண்டன் அழைப்பு. ஏமாந்தவர்களின் பெயர்ப் பட்டியல் கும்பல்களிடையே விற்பனையாகும் சரக்கு. முதலில் ஏமாற்றியவனே வேறு பெயரில் வருவதும் உண்டு. ஆகவே நீங்கள் எவ்வளவு இழந்தீர்கள் என்பது அவருக்குச் சதம் பிசகாமல் தெரிந்திருப்பதில் அதிசயம் இல்லை. அதைக் கேட்டு "உண்மையான ஆள்தான் போல" என்று நம்பிவிடுகிறோம். எப்.பீ.ஐ. 2023 ஓகஸ்டில் இந்த மீட்புக் கம்பனிகள் பற்றியே தனி எச்சரிக்கை விடுத்தது. 2024 இல் சட்டத்தரணிகள் போல நடித்து வருபவர்கள் பற்றி இன்னொன்று. முதலில் ‘பதிவுக் கட்டணம்’, பிறகு ‘வரி’, பிறகு ‘கறுப்புப் பணத் தடைச் சான்றிதழ்’. ஒவ்வொன்றும் கடைசிக் கொடுப்பனவு என்றுதான் சொல்லப்படும். உண்மையில் உங்கள் பணம் அவர் கையில் இருந்தால் கட்டணத்தை அதிலேயே கழித்துக்கொண்டு மிச்சத்தை அனுப்பலாமே? இந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். பணப்பையின் 12 அல்லது 24 இரகசியச் சொற்களைக் கேட்பவருடன் மேலே ஒரு வார்த்தையும் பேச வேண்டியதில்லை. அவருக்கு வேண்டியது உங்களிடம் மிஞ்சியிருப்பது.

உண்மையான சட்டத்தரணி அப்படி வந்து அழைக்க மாட்டார். நீங்கள்தான் அவரைத் தேடிப் போவீர்கள். அவருக்கு ஒரு அலுவலகம் இருக்கும். கட்டணத்துக்குப் பற்றுச்சீட்டுத் தருவார். பணம் வரும் என்று உத்தரவாதம் தரமாட்டார். இருபது பேர் ஒரே முகவரிடம் ஏமாந்திருந்தால், ஆளுக்கொரு சட்டத்தரணி பிடிக்காமல் ஒருவரிடமே சேர்ந்து போனால் செலவு குறையும். ஆனால் பொலிஸில் முறைப்பாடு ஒவ்வொருவரும் தனித்தனியே கொடுங்கள். ஒருவர் பெயரில் இருபது பேரின் தொகையையும் எழுதினால், நாளை முகவர் அந்த ஒருவரோடு மட்டும் சமாதானம் பேசி முடித்துவிடக்கூடும். அப்போது மற்றப் பத்தொன்பது பேரும் புதிதாக முதலில் இருந்து தொடங்க வேண்டி வரும்.